பலமான முடிச்சு வேறு, சரியான முடிச்சு வேறு

ட்ரவுட் பிடிக்கிறவர்கள் நடுவே இப்போது ஒரு நோய் பரவியிருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘நூறு சதவீத நோய்’. எந்த முடிச்சைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “இது நூலோட பலத்துல நூறு சதவீதம் தாங்கும், அது அவ்வளவு தாங்காது” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ரீலில் பேக்கிங் கட்டுவதற்குக்கூட பிமினி ட்விஸ்ட் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். இருபது சுற்று முறுக்கி, முழங்காலால் விரித்துப் பிடித்துக் கட்டும் முடிச்சு அது. நம் மலை மீனுக்கு அது தேவையில்லை, சில சமயம் கெடுதலும்கூட என்பது என் கட்சி.

ஃப்ளை ஃபிஷிங் பழக்கமில்லாத நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் ஈயக் குண்டு கிடையாது. தடித்த லைனின் எடையைத்தான் வீசுகிறோம். அந்த லைன் ஏறக்குறைய 90 அடி. அதற்குப் பின்னால், ரீலின் அடியில் சுற்றியிருக்கும் மெல்லிய பின்னல் நூல்தான் பேக்கிங். பெரும்பாலும் 20 பவுண்டு டாக்ரான், 50 முதல் 100 கெஜம் வரை. லைனுக்கு முன்னால் லீடர், அதன் நுனியில் டிப்பெட், கடைசியில் ஈ. தாலிக்கு மூன்று முடிச்சு என்றால் இந்தத் தூண்டிலுக்கு ஐந்து: ரீலுக்கும் பேக்கிங்குக்கும், பேக்கிங்குக்கும் லைனுக்கும், லைனுக்கும் லீடருக்கும், லீடருக்கும் டிப்பெட்டுக்கும், டிப்பெட்டுக்கும் ஈக்கும்.

இந்த ஐந்தில் எது முதலில் அறுபட வேண்டும்? முன்னால் இருக்கும் டிப்பெட்தான். நம் ஓடைகளில் போடுகிற டிப்பெட் நாலைந்து பவுண்டு தாங்கும். பேக்கிங் 20 பவுண்டு. பேக்கிங் முடிச்சில் பாதி பலம் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 10 பவுண்டு மிஞ்சுகிறது. அதாவது டிப்பெட்டைப் போல் இரண்டு மடங்கு. பிறகு எதற்கு நூறு சதவீதம்? வாசல் கதவு தகரமாக இருக்கும்போது கொல்லைக் கதவுக்கு இரும்புப் பூட்டு தேடுகிற கதைதான் இது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி பலம் அல்ல, மூன்று வேறு கேள்விகள். முடிச்சு வழுக்காமல் இருக்குமா? தடியின் வளையங்களில் தடங்காமல் போய் வருமா? கட்டியவரே, வேண்டும்போது மறுபடி கட்ட முடியுமா?

போன வருஷம் ஒரு பையன் புது ரீல் கொண்டுவந்து காட்டினான். நகரத்துக் கடை ஒன்றில் காசு வாங்கிக்கொண்டு எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புல்தரையில் தடியோடு வைத்து லைன் முழுவதையும் இழுத்துப் பார்த்தோம். பேக்கிங் முடிச்சு வந்ததும் உச்சி வளையத்தில் டக்கென்று நின்றது. கிட்டே போய்ப் பார்த்தால், பிமினி போட்ட கண்ணியை லைனின் கண்ணியோடு தப்பாகக் கோத்திருக்கிறார்கள். இரண்டு கண்ணியும் ஒன்றையொன்று சமமாகப் பற்றி, சதுர முடிச்சு மாதிரி உட்கார வேண்டும். இதில் ஒன்று மற்றொன்றின் கழுத்தை நெரித்துக்கொண்டு குண்டாக நின்றது. “அங்கிள், இது நூறு பர்சென்ட் முடிச்சுன்னு சொன்னாங்களே?” என்றான். “முடிச்சு நூறுதான் தம்பி, வளையத்துக்குள்ள போகலையே” என்றேன். பிரித்துக் கட்டவும் அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கட்டத் தெரியாத முடிச்சை ஒருவன் தலையில் கட்டிவிட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

வளையத்தில் நின்றால் என்ன ஆகும்? சாதாரண கால் கிலோ மீன் பேக்கிங் வரைக்கும் போகாது, உண்மை. ஆனால் அணைத் தண்ணீரில் எப்போதாவது ஒரு பெரிய மீன் விழுந்து ஓட ஆரம்பித்தால், முடிச்சு வெளியே போகும்போது ஒருமுறை, திரும்ப வரும்போது ஒருமுறை எல்லா வளையத்தையும் தாண்ட வேண்டும். அங்கே தடங்கினால் அதிர்ச்சி முழுவதும் டிப்பெட்டுக்குப் போகும். டிப்பெட் அறுந்தால் மீன் வாயில் ஒரு கொக்கியும் இரண்டடி நூலுமாகத் தப்பிவிடும். பேக்கிங் முடிச்சே வழுக்கிக் கழன்றால்? 90 அடி லைனை இழுத்துக்கொண்டு ஓடும். வேரிலோ பாறையிலோ அது சுற்றிக்கொண்டால் மீன் அங்கேயே கிடந்து சாகும். அதனால்தான் இந்த முடிச்சை நான் ஒரு பொறுப்பாக நினைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் முயன்று முயன்று, அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் கைக்குத்தான் நீலகிரியில் ட்ரவுட் நிலைத்தது. அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்த மீன் அது. நம் சோம்பலால் அது வீணாகச் சாகக் கூடாது.

சரி, எதைக் கட்டுவது? ரீலின் உருளையில் ஆர்பர் முடிச்சு போதும். உருளையை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியால் ஓடும் நூலின் மேல் ஒரு சாதா முடிச்சு, நுனியிலேயே இன்னொரு சாதா முடிச்சு. இழுத்தால் இரண்டாவது முதலாவதில் போய் முட்டி நிற்கும். வழுவழுப்பான உருளையில் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழன்றால், உருளையை இரண்டு தடவை சுற்றிக் கட்டுங்கள்.

லைனுக்கு நெயில் நாட். ஆணி வேண்டியதில்லை, காலியான பால்பாயிண்ட் ரீஃபிலில் ஒன்றரை அங்குலம் வெட்டிக்கொண்டால் போதும். லைனின் நுனி, பேக்கிங், ரீஃபில் மூன்றையும் சேர்த்துப் பிடித்து, பேக்கிங்கின் நுனியால் ஆறேழு சுற்று. அந்த நுனியை ரீஃபிலுக்குள் விட்டு மறுபக்கம் வாங்குங்கள். குழாயை உருவிவிட்டு, எச்சிலால் நனைத்து, சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் மெதுவாக இறுக்குங்கள். மிச்சத்தை ஒட்ட வெட்டி, வளையக்கூடிய பசையை மெல்லியதாகத் தடவினால், முடிச்சு அரிசி மணி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பூச்சு வெடித்த பழைய லைனில் நெயில் நாட் பூச்சோடு சேர்ந்து உருவிக்கொண்டு வரும். அங்கே ஆல்பிரைட் முடிச்சு நல்லது. லைனை மடித்து, மடிப்பின் மேல் சுற்றுவதால் உருவாது, ஆனால் கொஞ்சம் குண்டாக இருக்கும். அடிக்கடி லைன் மாற்றுகிறவர்களுக்குக் கண்ணிக்குள் கண்ணி வசதிதான். அந்தமான் கடலில் பாரை மீனுக்குப் போகிறவர்கள் போடும் டிப்பெட்டே பேக்கிங்கைவிடத் தடிமன். அங்கே என் கணக்கு தலைகீழாகிவிடும். வழுக்குகிற ஜெல்-ஸ்பன் நூலில் பிமினி போடாவிட்டால்தான் தப்பு. கடலுக்குச் சொன்னதை ஓடைக்குச் சொல்வதுதான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

“அப்படியானால் ஓடைக்குப் பேக்கிங்கே எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு அங்குல விட்டமுள்ள வெறும் உருளை ஒரு சுற்றுக்கு ஆறேகால் அங்குலம்தான் லைனைச் சுற்றும். பேக்கிங் போட்டு மூன்று அங்குலமாக நிரப்பினால் ஒன்பதரை அங்குலம் கிட்ட வரும். லைன் சீக்கிரம் ஏறும், சுருள் விழாது. மீன் ஓடாவிட்டாலும் பேக்கிங் தினமும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முடிச்சைக் கட்டி விற்காதீர்கள், வாங்குகிறவர் கண்ணெதிரே கட்டிக் காட்டி விற்றுப் பழகுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று: பத்து முடிச்சு காட்டாதீர்கள். ஒரே ஒரு நெயில் நாட், குளிரில் விரல் விறைத்த நிலையிலும் தானே கட்டும்வரை பழக்குங்கள். அந்தப் பையன் மூன்றாவது தடவையில் ரீஃபில் துண்டோடு ஒழுங்காகக் கட்டினான். வருஷத்துக்கு ஒருமுறை லைன் முழுவதையும் வெளியே இழுத்து, முடிச்சை இரண்டு கையாலும் வலுவாக இழுத்துப் பாருங்கள். பசை வெடித்திருந்தாலோ சுற்று நகர்ந்திருந்தாலோ தயங்காமல் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு டீ ஆறுகிற நேரம்தான்.