"காய்ச்சல் இருக்கா?"ன்னு கேட்டா கொரோனா சிக்குமா? பட்டாளம் சொல்லும் கதை

நெத்திக்கு நேரா ஒரு தெர்மாமீட்டரை நீட்டி "நார்மல், உள்ள போங்க"ன்னு சொன்ன காலம் ஞாபகம் இருக்கா? சிலருக்கு அது மேல இன்னும் நம்பிக்கை போகல. "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு பத்தல டாக்டர். மிலிட்டரி மாதிரி செஞ்சிருந்தா அதுவே போதும்"னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார்.

சரி, மிலிட்டரிக்கே போவோம். கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்குங்க.

2020 மே முதல் ஜூலை வரை. அமெரிக்காவின் தென் கரோலினா. மரைன் படைக்குப் புதுசா தேர்வான இளைஞர்கள். வீட்டில் 2 வாரம் தனிமை, அப்புறம் ஒரு கல்லூரி வளாகத்தில் கண்காணிப்போடு இன்னும் 2 வாரம். மாஸ்க், 6 அடி இடைவெளி, தினமும் டெம்பரேச்சர், தினமும் அறிகுறி விசாரணை. மீறினா கேட்க மேலதிகாரி பக்கத்துலயே. இதைவிட ஒழுங்கு எங்க கிடைக்கும்?

ஆய்வில் சேர்ந்தவங்க 1,848 பேர். வந்த 2 நாளுக்குள் பிசிஆரில் 16 பேருக்குத் தொற்று. 7, 14ஆம் நாள் டெஸ்டுகளில் மேலும் 35 பேர். ஆக 51.

இதில் தினசரி அறிகுறி விசாரணை பிடிச்சுக் கொடுத்தது எத்தனை பேரை?

பூஜ்யம். அத்தனை பேரும் தேதி குறிச்சு எல்லாருக்கும் எடுத்த டெஸ்டில் சிக்கினவங்க.

கேட்டவங்க மேல குத்தமில்ல. 46 பேருக்கு முந்தின வாரத்தில் சொல்றதுக்கு அறிகுறியே இல்ல. மீதி 5 பேருக்கு இருந்தது, ஆனா அவங்களும் விசாரணையில் சிக்கல. ஏன்னு என்னோட ஊகத்தைச் சொல்றேன். "தொண்டை வலிக்குது"ன்னு வாயைத் திறந்தா தனி அறை. கூட வந்தவங்க பயிற்சிக்குப் போயிடுவாங்க, நாம பின்தங்கிடுவோம். 19 வயசுல நானா இருந்தா மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

ஏதோ ஒரு கேம்ப்னு தள்ளிவிட முடியாது. அதே வருஷம் மார்ச்சில் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் தொற்று பரவுச்சு. 1,271 பேருக்கு பாசிட்டிவ். ரிசல்ட் வந்தப்போ நாலில் மூணு பேருக்கு மேல அறிகுறி எதுவும் இல்ல. 41 வயசு மாலுமி ஒருத்தர் செத்தே போனார்.

அறிகுறி கேக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. நோயாளிக்கு வைத்தியம் பாக்கக் கேளுங்க. மத்தவங்களுக்கு "உனக்கு ஒண்ணுமில்ல"ன்னு முத்திரை குத்தி நெருக்கமான பாரக்ஸுக்குள்ள அனுப்பத்தான் அது உதவாது.

"எல்லாருக்கும் டெஸ்டா? கட்டுப்படியாகுமா?"ன்னு கேப்பீங்க. தொற்று குறைவா இருக்கற இடத்தில் 5 சாம்பிள் வரை ஒண்ணாக் கலந்து ஒரே டெஸ்டாப் பாக்கலாம்னு நம்ம ஐசிஎம்ஆரே 2020 ஏப்ரலில் சொல்லிடுச்சு. கலவை நெகட்டிவ்னா 5 பேருக்கும் ஒரே செலவு. பாசிட்டிவ்னா மட்டும் தனித்தனியா பாத்தா போதும்.