சிக்னல் கிடைத்தால் அரிசி

ரேஷன் கடை வாசலில் பாட்டி நாலாவது முறை விரலை வைக்கிறார். ரேகை தேய்ந்துவிட்டது என்கிறார்கள். பல நேரம் கோளாறு விரலில் இல்லை, சிக்னலில்தான்.

2017-இல் ஸ்மார்ட் கார்டோடு பில் போடும் கையடக்க பிஓஎஸ் கருவி வந்தது. 2020 அக்டோபரில் கைரேகையும் சேர்ந்தது. கருவிக்குள் இருப்பது ஒரு சிம் கார்டு. ரேகை செல்போன் கோபுரம் வழியாக ஆதார் சர்வருக்குப் போய், சரிபார்ப்பு முடிந்து பதில் திரும்பினால்தான் பில் விழும். கோபுரம் தொலைவில் இருந்தாலோ, கான்கிரீட் சுவருக்குள் அலை மங்கினாலோ வரிசை அப்படியே நிற்கும். இப்போது எடைத் தராசையும் புளூடூத்தில் இணைக்கிறார்கள். எடை குறையாமலிருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கிலோ சீனிக்கு இரண்டு கம்பியில்லா இணைப்புகள் பிசகாமல் நடக்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். கறம்பக்குடியிலும் மணமேல்குடியிலும் ஒரே நிறுவனத்தின் சிக்னல் ஒரேமாதிரி எடுக்காது. கடைக்குக் கடை அளந்து பாருங்கள். அங்கே எது எடுக்கிறதோ அந்த சிம்மைப் போடுங்கள். தேவைப்படும் கடையில் ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். நூறு நாள் வேலையை விட்டு வந்து நிற்பவரை, சிக்னல் இல்லை, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதீர்கள்.