பூச்சி செல்லுக்குள் போகும் மருந்து: பட்டுப்புழுவுக்கு யார் பொறுப்பு?

 

பூச்சி மருந்தில் புது ரகம் வந்துக்கிட்டிருக்கு. பூச்சி உயிர்வாழத் தேவையான மரபணுவையே வேலை செய்யவிடாமல் அடைக்கும் ஆர்.என்.ஏ. மருந்து இது. உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு இப்படி ஒரு தெளிப்பு மருந்தை 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது.

வண்டுகளிடம் இது நன்றாகப் பலிக்கிறது. காய்ப்புழு, படைப்புழு போன்ற அந்துப்பூச்சி இனத்தில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதுகளோட குடல் நீரே ஆர்.என்.ஏ.வை அறுத்துப் போட்டுவிடும். அதனால்தான் விஞ்ஞானிகள் பெப்டைடைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு. அது ஆர்.என்.ஏ.வைப் பொட்டலம் கட்டிப் பாதுகாத்து, செல்லுக்குள்ளேயே கொண்டு சேர்க்கும். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைத் தீனியில் கலந்து கொடுத்து மாவு வண்டையும் அசுவினியையும் கொன்றதாக 2018ல் அறிவித்தார்கள்.

விஞ்ஞானத்துக்கு நாம் எதிரி இல்லை. விஷத்தைக் குறைக்கும் மருந்து வந்தால் நமக்கும் நல்லதுதான். ஆனா ஒண்ணு கேக்கறோம். பட்டுப்புழு எந்த இனம்? அதுவும் அந்துப்பூச்சி இனம்தானே! காய்ப்புழுவின் குடலைத் தாண்டச் செய்த பொட்டலம் பட்டுப்புழுவின் குடலைத் தாண்டாது என்று யார் உறுதி கொடுப்பது?

"காய்ப்புழுவின் மரபணுவுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி செய்வோம்" என்பார்கள். செய்யட்டும். ஆனால் நெருங்கிய இனங்களின் மரபணுக்களில் ஒத்துப்போகும் பகுதிகள் உண்டு. எனவே வாய்ச்சொல் போதாது, சோதித்துக் காட்டட்டும்! தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உடுமலையிலும் மல்பெரித் தோட்டங்கள் இருக்கின்றன. காற்றில் வரும் தெளிப்பு வரப்பைப் பார்த்து நிற்குமா?

2002ல் பி.டி. பருத்தி வந்தபோது காய்ப்புழுத் தொல்லை தீர்ந்தது என்றார்கள். 2010ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதை மான்சாண்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. விதைக்குக் காசு கொடுத்தவனும் நாம், மறுபடி மருந்து அடிச்சவனும் நாம். இந்த முறை மருந்து கடைக்கு வருமுன்பே கேட்போம்.

நமது கோரிக்கைகள்:

1. ஆர்.என்.ஏ.வை மட்டும் தனியாகச் சோதித்தால் போதாது. பெப்டைடு பொட்டலத்தோடு சேர்த்து, இங்கே வளர்க்கும் பட்டுப்புழுவிலும் தேனீயிலும் சோதிக்க வேண்டும்.

2. முடிவுகளை அனுமதிக்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும்.

3. கூடு அழிந்தால் கம்பெனியே நஷ்டஈடு தரவேண்டும் என்பதை அனுமதி உத்தரவிலேயே எழுத வேண்டும்.

சோதிக்காத மருந்துக்கு நம்ம காடு சோதனைக்கூடம் அல்ல!

ஒன்றுபடுவோம்! உரிமை கேட்போம்!