தெள்ளு இருப்பது நாயின் மேலன்று

நாயின் உடலில் தெள்ளுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய் தடவுவதும் மஞ்சளைக் குழைத்துப் பூசுவதும் சோற்றில் பூண்டு கலந்து கொடுப்பதும் போதும் என்றும், இவை இயற்கையானவை என்பதால் தீங்கற்றவை என்றும், மருந்துக்கடையில் விற்பவை யாவும் வீண் நஞ்சு என்றும் ஒரு கருத்து பரவலாக நிலவுகிறது. இதனுள் பல கூற்றுகள் பின்னிக் கிடப்பதால், அவற்றைப் பிரித்தெடுத்தே ஆராய வேண்டும்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது நல்லது. பேச்சுவழக்கில் தெள்ளும் உண்ணியும் பேனும் ஒன்றுபோலவே புழங்குகின்றன. தெள்ளு என்பது பக்கவாட்டில் தட்டையான உடலும் ஆறு கால்களும் கொண்டு தாவிச் செல்லும் பூச்சி. உண்ணியோ எட்டுக் கால்களுடன் தோலைப் பற்றிக்கொண்டு குருதி குடித்து உப்பும், சிலந்திக்கு உறவான உயிர். ஒன்றுக்குச் சொன்ன கைமருந்தை மற்றதன் மேல் பூசிவிட்டு, பலித்தது என்பதிலும் பலிக்கவில்லை என்பதிலும் பொருளில்லை.

நாயின் மேல் தடவினால் தெள்ளு ஒழியும் என்பது முதற்கூற்று. பெண் தெள்ளு முதன்முறை குருதி குடித்த இரண்டு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 வரை இடக்கூடியது. வழவழப்பான அம்முட்டைகள் மயிரில் ஒட்டாமல், நாய் படுக்கும் சாக்கிலும் சோபா இடுக்கிலும் தரை வெடிப்பிலும் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வரும் நூல்போன்ற புழு வெளிச்சத்தை விட்டொதுங்கி, முதிர்ந்த தெள்ளு கழித்த எச்சத்தை, அதாவது உலர்ந்த குருதித் துகளைத் தின்று வளர்ந்து, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டினுள் முதிர்ந்த பூச்சி, வெப்பமோ அதிர்வோ மூச்சுக்காற்றின் கரியமில வாயுவோ ஓர் உயிரின் வருகையை உணர்த்தும்வரை வாரக்கணக்கிலும், சூழல் ஏற்றதாயின் மாதக்கணக்கிலும் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான். ஒரு வீட்டின் தெள்ளுத் தொகையில் நாயின் மேல் இருப்பது ஏறத்தாழ 5 விழுக்காடே, எஞ்சியது முட்டையும் புழுவும் கூடுமாகச் சுற்றுப்புறத்தில் கிடக்கிறது என்பது ஒட்டுண்ணியியலார் வழக்கமாகக் கூறும் கணக்கு. எனவே நாயின் முதுகில் எதைப் பூசினாலும், அது எவ்வளவு வீரியமானதாயினும், தரையைத் தொடாதவரை வேலையின் சிறுபகுதியே முடிகிறது.

வேம்பைப் பற்றிய கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. வேப்பங்கொட்டையின் பருப்பில் மிகுந்துள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், பூச்சிகள் தோலுரித்து வளர்வதற்கான இயக்குநீரைக் குலைப்பது மெய். அதன் அளவு வரையறுக்கப்பட்ட சாறு நாய்களின் மேல் தெள்ளைக் குறைத்ததாக 1998இல் வெளியான ஆய்வொன்றும் உண்டு. ஆனால் செக்கிலாட்டிய எண்ணெயில் அப்பொருள் எவ்வளவு இருக்கும் என்பது கொட்டைக்குக் கொட்டை வேறுபடும். வெயில் பட்டால் அது சிதையும். இலையிலோ அது குறைவு. வேப்பிலை நீரில் குளிப்பாட்டியபின் தெள்ளு குறைகிறதே என்பாருக்கு, சோப்பு நுரையில் தேய்த்துக் கழுவினால் வெறுங்கிணற்று நீரிலும் குறையும் என்பதே மறுமொழி. பாதி நாயை வேப்பிலை நீரிலும் மீதியை வெறுநீரிலும் குளிப்பாட்டி ஒப்பிட்டுப் பார்ப்பவர் அரியர். ஆகவே தண்ணீருக்குரிய புகழை இலை வாங்கிக்கொள்கிறது.

பூண்டைப் பற்றிய கூற்று இவற்றுள் மிகவும் வலுவற்றது, தீங்கானதும்கூட. உண்ட பூண்டின் மணம் வியர்வையில் வெளிப்பட்டுத் தெள்ளை விரட்டும் என்பர். நாயோ மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மாறாக, வெங்காய இனத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லவை. ஜப்பானிய ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்கு ஈடான சாற்றை 7 நாட்கள் பெற்ற நாய்களின் சிவப்பணுக்களில் அத்தகைய சேதம் காணப்பட்டது. ஓரிரு பல் உடனே கொன்றுவிடாது என்பது சரியே. ஆயினும் பயனே இல்லாத ஒன்றுக்காக எவ்வளவு சிறிய கேட்டையும் ஏன் ஏற்க வேண்டும்?

இயற்கையானது தீங்கற்றது என்னும் கூற்றுக்குப் புகையிலைக் கஷாயமே போதிய மறுப்பு: இலையிலிருந்து வடித்ததுதான், ஆனால் அதன் நிகோடின் நஞ்சு. கற்பூரம் உட்சென்றால் வலிப்பை உண்டாக்கும்; உடலில் தடவிய எதையும் நாய் நக்கும் என்பதால் புறப்பூச்சுக்கும் உள்மருந்துக்கும் இடையே அதனிடம் வேறுபாடு குறைவு. கடை மருந்துகளும் குற்றமற்றவை அல்ல. இன்று பரவலாகத் தரப்படும் ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் தரக்கூடும் என 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆயினும் அவை எடைக்கேற்ற அளவில் தரப்படுபவை, அவற்றின் பக்கவிளைவுகள் பதிவாகின்றன; வலிப்பு வந்த வரலாறுள்ள நாய்க்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் கால்நடை மருத்துவரால் இயலும். கைப்பிடிக் கணக்கில் கலக்கும் கஷாயத்துக்கு இந்த வசதி இல்லை.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருளில்லை. விரிப்பையும் சாக்கையும் வாரந்தோறும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைப்பதும், இடுக்குகளைப் பெருக்கிக் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே கொட்டுவதும் கைமருந்துகளைவிடப் பயன் மிக்கவை. ஆனால் கூடுகளில் காத்திருப்பவை வெளிவந்து தீரும்வரை, சில மாதங்களுக்கேனும் மருந்தோடு சேர்ந்தே இவற்றைத் தொடர வேண்டும். தெள்ளு இருக்கிறதா என்று அறியப் பேன் சீப்பு போதும்: நாயின் வாலடியில் வாரி, சிக்கிய கருந்துகளை நனைத்த வெள்ளைத் தாளில் உதிர்த்தால், செம்பழுப்பாகக் கரைவது மண்ணன்று, நாயின் குருதி, தரையிலுள்ள புழுக்களுக்கு உணவாவதும் அதுவே.