காத்திருக்க முடியாத சரக்கு

தக்காளி விலை ஏறினால் அது செய்தி. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. மந்திரிகள் அறிக்கை விடுகிறார்கள். தக்காளி இல்லாமல் ரசம் வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கவும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதே தக்காளியின் விலை விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலக்கோட்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஓர் உழவர் பெட்டி பெட்டியாகச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். மறுநாள் அதை மாடு தின்னும். அத்தோடு சரி.

2023ஆம் ஆண்டைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை மாதம் நாட்டின் பல நகரங்களில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. சென்னையில் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க மாநில சர்க்கார் ஏற்பாடு செய்ய நேர்ந்தது. இரண்டே மாதம் சென்றது. செப்டம்பரில் ஆந்திரத்தின் கர்நூல் ஜில்லாவிலும் மகாராஷ்டிரத்தின் நாசிக் ஜில்லாவிலும் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விலை இறங்கி, பறித்த பழத்தை உழவர்கள் தெருவில் கொட்டினார்கள். ஒரே பயிர், ஒரே ஆண்டு. ஜூலையில் ஆலைத் தொழிலாளி வீட்டில் கண்ணீர். செப்டம்பரில் உழவர் வீட்டில் கண்ணீர். இரண்டு மாதமும் கண் கலங்காதவர்கள் யார் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று கணக்குச் சொல்கிறது. வாங்குகிறவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி உழவர் கையில் விழுவது 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. மிச்சமுள்ளது அத்தனையும் கொள்ளை என்று நாம் சொல்லவில்லை. அதில் லாரியின் டீசல் இருக்கிறது. நள்ளிரவில் பெட்டி இறக்கும் சுமைத் தொழிலாளியின் கூலி இருக்கிறது. தெருத் தெருவாகத் தள்ளுவண்டி தள்ளும் ஏழையின் வயிற்றுப்பாடு இருக்கிறது. வழியில் நசுங்கி அழுகியதன் விலையும் அதன்மேல்தான் ஏறுகிறது. ஆனால் இவர்களில் எவரும் விலையை நிர்ணயிப்பவர் அல்லர். விலையை நிர்ணயிப்பவர் வேறு.

"கெட்டுப் போகிற சரக்கு, என்ன செய்ய முடியும்?" என்று மேதாவிகள் தோளைக் குலுக்குகிறார்கள். இந்தத் தத்துவத்தைத்தான் நாம் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம். மண்டியில் காலை ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கும். நாற்பது பெட்டியோடு வந்து நிற்கிறார் உழவர். பறித்தது நேற்று, இன்று விற்காவிட்டால் நாளை பாதிப் பெட்டி கனிந்து ஒழுகும். திருப்பிக் கொண்டுபோக வண்டி வாடகை இல்லை. பல பேருக்கு நாற்று நடும்போதே மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய கடனும் இருக்கிறது. ஆகவே வேறு மண்டிக்குப் போகவும் வழியில்லை. எதிரே நிற்பவரோ இன்று வாங்காவிட்டால் நாளை வாங்குவார். ஒருவரால் காத்திருக்க முடியும், மற்றவரால் முடியாது. இந்த இருவருக்கும் நடுவில் நடப்பதைப் பேரம் என்று அழைப்பது கேலிக்கூத்து. அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து என்று கமிஷன் பிடிப்பது பல மண்டிகளில் வழக்கம். விற்றவரிடமே பிடிக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தக்காளியைவிடச் சீக்கிரம் கெடும் பொருள் ஒன்று இருக்கிறது. பால். நம் ஊர் வெயிலில் கறந்த பால் சில மணி நேரங்கூடத் தாங்காது. அப்படியானால் பால்காரர்தானே தக்காளிக்காரரைவிடப் பரிதாபமாக இருக்க வேண்டும்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார். குஜராத்தின் கேடா ஜில்லாவில் பாலை வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமை ஒரே தனியார் கம்பெனியிடம் இருந்தது. அது வைத்ததே விலை. 1946இல் அந்த ஜில்லாவின் உழவர்கள் பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைமையேற்ற அந்த ஒன்றியம்தான் பின்னாளில் அமுல்.

இந்தக் கதையில் எல்லோரும் வேலைநிறுத்தத்தையும் கூட்டுறவையும் சொல்லுகிறார்கள். அதற்கு அடுத்த அத்தியாயத்தைச் சொல்லுவதில்லை. நமக்கு வேண்டியது அதுதான். குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். பம்பாய்க்கோ கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே அளவுதான் வேண்டும். மிஞ்சிய பாலை என்ன செய்வது? ஒன்றியத்தில் ஆள் சேர்ந்தும், சொந்தமாகத் தராசு வைத்தும், மிஞ்சிய பால் விலையை உடைத்துக்கொண்டே இருந்தது. எருமைப் பாலைத் தூளாக்க முடியாது என்று நிபுணர்கள் கைவிரித்தனர். தலாயா என்ற பொறியாளர் முடியும் என்று காட்டினார். குரியன் அதற்குத் தொழிற்சாலை கட்ட நின்றார். 1955இல் தூள் ஆலை திறக்கப்பட்டது. அன்று முதல் குளிர்காலத்து மிகுதி தூளாகவும் வெண்ணெயாகவும் உழவர்களுடைய சொந்தக் கிடங்கிலேயே உட்கார்ந்தது. கோடையில் பால் குறைந்தபோது அந்தத் தூளே பாலாயிற்று. இருப்பைப் பராமரிப்பது என்று நிர்வாகப் படிப்புக்காரர்கள் பெரிய புத்தகம் போட்டுச் சொல்வதன் உட்பொருள் இவ்வளவுதான். உழவர் கூட்டத்துக்குக் காத்திருக்கும் சக்தி வந்தது. அதனால் பேரம் பேசும் சக்தியும் வந்தது. தமிழ்நாட்டில் ஆவின் நடப்பதும் இந்த வழியில்தான். அதிகாலையில் கிராமத்துச் சங்கத்தில் ஊற்றும் பால், குளிர்விக்கும் தொட்டியில் நான்கு டிகிரிக்கு இறங்கிய பிறகே நெடுவழி போகிறது. குறைகள் உண்டு, கொள்முதல் விலைக்காக நம் தோழர்கள் போராடியதும் உண்டு. ஆனாலும் விலைக்காகப் போராட ஒரு முகவரியாவது பால்காரருக்கு இருக்கிறது. தக்காளிக்காரர் எந்த வாசலில் போய் நிற்பார்?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2018ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்குமாக 500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். 2020இல் வேளாண் கட்டமைப்புக்கென்று ஒரு லட்சம் கோடி கடன் நிதி அறிவித்தார்கள். ஆனால் பணம் எந்த முனையில் கொட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். குளிர்பதனத் தொடர் பற்றி மத்திய சர்க்காரின் அமைப்பே 2015இல் ஒரு கணக்கெடுத்தது. நாட்டுக்கு வேண்டிய குளிர்பதனக் கிடங்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அப்போதே இருந்தது. ஆனால், விளைந்த இடத்திலேயே காய்கனியைத் தரம் பிரித்து, வெப்பம் தணித்து, பெட்டியில் அடுக்கி அனுப்பும் கூடங்கள் 70,080 வேண்டியிருக்க, இருந்தவை 249! எழுத்துப் பிழை அல்ல, தோழர்களே, இருநூற்று நாற்பத்தொன்பது. வியாபாரி நிற்கும் முனையில் கிடங்கு எழும்பியிருக்கிறது. உழவர் நிற்கும் முனையில் புளியமர நிழல்தான் கூடம்.

எழும்பிய கிடங்குகளும் பெரும்பாலும் உருளைக்கிழங்குக்காக எழுந்தவை. அதன் குளிரில் தக்காளியை வைத்தால் அது கெட்டே போகும். தக்காளிக்கு ஏறக்குறைய 12, 13 டிகிரி வேண்டும். அதற்கு மிகவும் கீழே போனால் காய் பழுக்காது, தோல் குழிவிழும், ருசி போய்விடும். வாழைக்கும் அப்படியே 13 டிகிரிக்குக் கீழே ஆகாது; தோல் கறுத்துவிடும். வெங்காயத்துக்குக் குளிரைவிடக் காற்றோட்டமும் ஈரமின்மையும் முக்கியம். "குளிர்பதனக் கிடங்கு திறந்துவிட்டோம்" என்று நாடா வெட்டும் மந்திரியிடம், எந்தப் பயிருக்கு, எத்தனை டிகிரி என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த எண்களை இங்கே எழுதுகிறோம்.

விளைவு என்ன? அறுவடை முதல் கடை வரை தக்காளியில் வீணாவது நூற்றுக்கு 12.44 பங்கு என்று 2015இல் ஒரு சர்க்கார் ஆய்வு சொன்னது. 2022இல் நபார்டின் ஆலோசனை நிறுவனம் மறுபடி அளந்தபோது 11.61 பங்கு. ஏழாண்டுத் திட்டங்கள் எல்லாம் சேர்ந்து நூற்றில் ஒரு பங்கைக்கூட மீட்கவில்லை. அந்தப் பங்கில் பாய்ச்சிய தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, எரித்த டீசல் இருக்கிறது, நாற்று நட்ட பெண்களின் முதுகுவலி இருக்கிறது.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தக்காளி பால் அல்ல. பால் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. தக்காளி ஒரு மாதம் வெள்ளமாகவும் மறுமாதம் வறட்சியாகவும் வருகிறது. பாலைத் தூளாக்குவது போல எந்தத் தக்காளியையும் விழுதாக்கிவிட முடியாது. வீட்டுச் சமையலுக்கு நாம் வாங்கும் ரகங்களில் தண்ணீர் அதிகம், சத்துப்பற்று குறைவு. ஆலைக்கு வேறு ரகம் பயிரிட வேண்டும். மூன்று மாதம் ஓடி ஒன்பது மாதம் பூட்டிக் கிடக்கும் ஆலை நஷ்டத்தில் மூழ்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன. மாங்காய்ப் பருவம் முடிந்த பிறகு அவற்றில் தக்காளியை ஓட்ட முடியுமா என்று பார்ப்பது புதிய ஆலைக்கு அடிக்கல் நடுவதைவிடப் புத்திசாலித்தனம். ஆனால் நம் எண்ணத்தில் ஆலை இரண்டாம் காரியம்.

முதற் காரியம், வெள்ளம் வருவதை முன்கூட்டி அறிவது. விலை ஏறிய மாதம் எல்லோரும் தக்காளி நடுகிறார்கள். நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் எல்லோருடையதும் ஒன்றாகப் பறிப்புக்கு வருகிறது, விலை சரிகிறது, மனம் நொந்து எல்லோரும் விடுகிறார்கள், மறுபடி விலை ஏறுகிறது. உழவர் பேராசைக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. பக்கத்து ஒன்றியத்தில் எத்தனை ஏக்கர் நட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவே. சர்க்காருக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இன்ன புலத்தில் இன்ன பயிர் என்று எழுத வேண்டும் என்பது விதி. அந்த எழுத்தை வரிக்கும் நிவாரணத்துக்கும் மட்டும் புரட்டாமல், நடவு மாதத்திலேயே பதிந்து, ஒன்றியவாரியாக ஏக்கர் கணக்கைக் கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் எழுதிப் போட்டால் எத்தனை பேர் வெண்டைக்கும் அவரைக்கும் மாறியிருப்பார்கள்! இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும்.

அடுத்து, பறித்த பழத்துக்கு நாலைந்து நாள் ஆயுள் கூட்டுவது. இதிலும் பெரிய இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைத்தல். கூடையில் அமுக்காமல் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குதல். தூரத்து ஊருக்கு நிறம் திரும்பும் நிலையிலும் பக்கத்துச் சந்தைக்குப் பழுத்த நிலையிலும் பறித்தல். டில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகம், இரட்டைச் செங்கற் சுவருக்கு நடுவே மணல் நிரப்பி நீர் தெளித்துக் குளிரவைக்கும் அறையை எப்போதோ வகுத்துக் கொடுத்தது. அதற்கு மின்சாரமே வேண்டாம். கடற்கரையின் புழுக்கத்தில் அவ்வளவு பயன் தராது. தருமபுரி போன்ற வறண்ட பக்கத்தில் தரும். சேமிப்பிலும் ஒரு முறை உண்டு. முன்னால் வந்த பெட்டி முன்னால் போகட்டும் என்பது அரிசி மூட்டைக்குச் சரி. காய்கனிக்கு, முன்னால் கெடப்போகிற பெட்டி முன்னால் போக வேண்டும். நேற்று வந்த காயைவிட இன்று வந்த கனி அவசரமானது. கூடத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு இதைத் தீர்மானிக்கும் உரிமையும் அதற்கேற்ற கூலியும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாசல் வழியாகத் தள்ளும் பழக்கமும் ஆபத்து. 2020 மே 5ஆம் நாள் கொரோனா பரவலால் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். கோயம்பேடு மீண்டும் திறக்கச் செப்டம்பர் ஆயிற்று. வயலில் நின்ற காய் அதுவரை காத்திருக்குமா? தலைநகரின் வயிறும் பல ஜில்லாக்களின் வயலும் ஒரே கதவை நம்பி இருந்தன என்பதை அன்று கண்டோம். 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இரண்டாவது கதவு. அது உள்ளூர் உழவருக்கும் உள்ளூர் அடுப்புக்கும் நல்லது. ஆனால் அங்கும் விற்காமல் மிஞ்சிய கூடையை வைக்க இடம் வேண்டும்.

மூன்றாவது கதவென்று பெரிய கடைத்தொடர்களைக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு இருப்புக் கணக்கு நன்றாகத் தெரியும் என்பதை மறுக்கவில்லை. நாளைக்கு எத்தனை கிலோ விற்கும் என்று கணித்து அவ்வளவே எடுக்கிறார்கள். எடுக்காமல் விட்டது? உருண்டையாக, ஒரே அளவாக உள்ளதை அவர்கள் பொறுக்கிக்கொள்ள, மிச்சம் மறுபடி உழவரோடு மண்டிக்குப் போகிறது. அவர்கள் கிடங்கு காலியாக இருப்பதற்கு உழவர் தலைமேல் கிடங்கு இருப்பதே காரணம். கேரளத்து இடது முன்னணி சர்க்கார் 2020 நவம்பர் முதல் 16 காய்கறி, கிழங்கு, பழங்களுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் நூற்றுக்கு 20 சேர்த்த விலை. நல்ல வழி. விலையோடு கூடமும் சேர்ந்தால்தான் அது நிற்கும். வாங்கியதை வைக்க இடமில்லாத சர்க்கார் எத்தனை நாள் வாங்கும்?

ஆகவே தக்காளி விளையும் ஒன்றியங்களில் உள்ள தோழர்களுக்கு நாம் ஒரு வேலை தருகிறோம். மே 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அதற்குள் உங்கள் ஊரில் நடவு ஏக்கர் எவ்வளவு, பறிப்பு மாதம் எது, மண்டியில் பிடிக்கும் கமிஷன் எவ்வளவு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எத்தனை கிலோமீட்டர், அங்கே காய்கனிக்குக் குளிர் அறை உண்டா, உண்டென்றால் யார் சரக்கு உள்ளே இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். சுமைத் தொழிலாளர் சங்கத் தோழர்களையும் கூட அழைத்துப் போங்கள். எந்த ஊர்ப் பெட்டி எப்படி நசுங்கி வருகிறது என்பது அதிகாரிகளைவிட அவர்களுக்குத் தெரியும். கூடம் கேட்டுத் தீர்மானம் கொண்டு வரும்போது இடத்தையும் டன் கணக்கையும் டிகிரியையும் எழுதி, அதன் சாவி உழவர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.