உரிமம் மறுத்த இல்லம்

கட்டுக்கு அடங்காத பதின்வயதுப் பெண்களைத் திருத்தித் தருகிறோம் என்று சொல்லும் தனியார் உறைவிடங்கள் அமெரிக்காவில் ஏராளம். ‘சிகிச்சை உறைவிடப் பள்ளி’ என்பது அவற்றுக்கு இன்று வழங்கும் பெயர். அங்கே நடந்த கொடுமை ஒன்று வெளியே வரும்போதெல்லாம், நடத்தியவரின் குணக்கேட்டைப் பற்றியே பேச்சு எழுகிறது. அந்த ஆளைத் தண்டித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்ற எண்ணம். டெக்சாஸ் மாநிலம் கார்ப்பஸ் கிறிஸ்டியில் இருந்த ரெபெக்கா பெண்கள் இல்லத்தின் வரலாற்றைப் படித்தவர்களிடம் அந்த எண்ணம் நிற்காது. நிறுவியவர் இறந்த பிறகும் அந்த இல்லம் நடந்தது, மூடியது, வேறு மாநிலத்துக்குப் போனது, திரும்பியும் வந்தது. அதற்கு ஆயுளைக் கொடுத்தது சட்டம் விட்டுவைத்த இடைவெளிதான்.

லெஸ்டர் ரோலாஃப் ஒரு பாப்டிஸ்ட் போதகர். வானொலிப் பிரசங்கத்தால் பெயர் பெற்றவர். 1968-இல் ரெபெக்கா இல்லத்தைத் தொடங்கினார். வீட்டைவிட்டு ஓடியவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள், மணமாகாமல் கருவுற்றவர்கள் எனப் பல பெண்களைப் பெற்றோரே கொண்டுவந்து விட்டார்கள். மருத்துவரோ மனநல வல்லுநரோ தேவையில்லை, வேதமே மருந்து என்பது அவர் கொள்கை. வேறு எங்கும் கதவு திறக்காத பெற்றோருக்கு அவர் நம்பிக்கை அளித்தார் என்பதையும், அவரால் வாழ்வு பெற்றோம் என்று சாட்சி சொன்ன பெண்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1973-இல் மகளைப் பார்க்க வந்த பெற்றோர், இன்னொரு பெண் அடிபடுவதைக் கண்டு புகார் செய்தார்கள். தோல் வாரால் அடித்தார்கள், மரப்பலகையால் அடித்தார்கள், குழாயோடு சேர்த்துக் கைவிலங்கிட்டார்கள், தனியறையில் பூட்டினார்கள் என்று 16 பெண்கள் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். ரோலாஃப் இவற்றை வேதம் அனுமதிக்கும் கண்டிப்பு என்றார். மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் ஹில் வழக்குத் தொடுத்தார். 1975-இல் குழந்தைகள் காப்பகங்களுக்கான உரிமச் சட்டம் டெக்சாஸில் நிறைவேறியது.

அந்தச் சட்டம் யாருடைய ஜெபத்தையும் நிறுத்தவில்லை. அரசு அதிகாரி ஒருவர் உள்ளே வந்து பார்க்கலாம், குறைந்தபட்ச விதிகள் நடப்பில் உள்ளனவா என்று கேட்கலாம். அதன் சாரம் அவ்வளவே. அதைத்தான் ரோலாஃப் ஏற்க மறுத்தார். திருச்சபை நடத்தும் இல்லத்துக்கு அரசு உரிமம் தருவது என்றால், திருச்சபைக்கு மேலே அரசு என்று ஆகிவிடும் என்பது அவர் வாதம். அபராதம் கட்டினார், சிறைக்கும் போனார். 1978 ஆளுநர் தேர்தலில் ஜான் ஹில்லை எதிர்த்து நின்ற பில் கிளெமென்ட்ஸுக்காகப் பிரசாரம் செய்தார். சுமார் 17,000 வாக்குகளில் ஹில் தோற்றார். மறு ஆண்டு, இல்லத்தை மூட அதிகாரிகள் வரக்கூடாது என்று போதகர்கள் கைகோத்து இல்லத்தைச் சுற்றி நின்றார்கள். டெக்சாஸின் பழைய முற்றுகைப் போர்க்களமான அலமோவை நினைவூட்டி, ‘கிறிஸ்தவ அலமோ’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த மனிதச் சங்கிலிக்குள்ளே இருந்த பெண்களின் விருப்பத்தைக் கேட்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டார்கள், சட்டத்தின் பார்வையில் அதுவே பெண்ணின் சம்மதமும் ஆயிற்று.

1982-இல் தாமே ஓட்டிய விமானம் விழுந்து ரோலாஃப் இறந்தார். உரிமம் பெற்றே ஆக வேண்டும் என்று 1984-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985-இல் இல்லத்தை மூடினார்கள். ஆனால் உரிமம் பெறவில்லை, மிசௌரிக்குப் போனார்கள். மத அமைப்புகளின் உறைவிடங்களுக்கு 1982 முதலே அங்கே உரிமத்திலிருந்து விலக்கு இருந்தது. ஒரு மாநிலத்தில் தீர்ப்பு எழுத இருபது நீதிபதிகள் இருந்தாலும், எல்லைக்கு அப்பால் ஒரு விலக்குப் பிரிவு போதுமானதாக இருக்கிறது.

1997-இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில், மத அமைப்புகளின் காப்பகங்கள் அரசு உரிமத்துக்குப் பதிலாகத் தனியார் அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் பெற்றால் போதும் என்று டெக்சாஸ் சட்டத்தைத் தளர்த்தியது. ரெபெக்கா இல்லம் ஊர் திரும்பியது. புதிய புகார்களும் வந்தன. நான்கே ஆண்டில், 2001-இல், சட்டமன்றம் அந்த ஏற்பாட்டை நீட்டிக்காமல் விட்டது, இல்லம் மூடப்பட்டது. என் மனம் ஆறாத இடம் இதுதான். 1973-இன் பிரமாணப் பத்திரங்கள் அரசின் அலமாரியிலேயே இருந்தன. தெரியாமல் நடந்த தவறு என்று 1997-இன் முடிவைச் சொல்ல வழியே இல்லை.

மிசௌரியின் விலக்கு மேலும் நீண்ட காலம் நின்றது. 2006-இல் அங்கே தொடங்கிய ‘சர்க்கிள் ஆஃப் ஹோப்’ என்ற பெண்கள் உறைவிடமும் அதன் நிழலில்தான் நடந்தது. 2020-இல், நடத்தியவர்களின் சொந்த மகளே டிக்டாக்கில் பேசிய பிறகுதான் அதிகாரிகள் சுமார் இரண்டு டஜன் பெண்களை அங்கிருந்து அழைத்துப் போனார்கள். நடத்திய தம்பதி மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. கண்காணிப்பு அதிகாரி செய்ய வேண்டிய வேலையை ஒரு மகளின் கைப்பேசி செய்தது.

இப்போது வேதத்தின் இடத்தில் பல உறைவிடங்கள் சிகிச்சை என்ற சொல்லை வைத்திருக்கின்றன. தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் தன் பதின்வயதில் யூட்டா மாநில உறைவிடம் ஒன்றில் அனுபவித்ததைச் சொன்ன பிறகு, அம்மாநிலம் 2021-இல் விதிகளை இறுக்கியது. 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றும் வந்தது. அது பெரும்பாலும் ஆய்வுக்கு வழிசெய்கிறது. எந்த உறைவிடத்தையும் மூடும் அதிகாரத்தை அது தரவில்லை. நடத்துவது திருச்சபையா, நிறுவனமா, மருத்துவமனையா என்று பாராமல், முன்னறிவிப்பின்றி உள்ளே வரும் அதிகாரியும், யாரும் ஒட்டுக்கேட்காத ஒரு தொலைபேசியும் ஐம்பது மாநிலங்களிலும் கட்டாயமாக வேண்டும். மிசௌரி 2021-இல் கொண்டுவந்த சட்டம் ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்க்கச் சொல்கிறது, உறைவிடம் நடப்பதை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. உரிமம் பெற வேண்டும் என்று மட்டும் அதுவும் சொல்லவில்லை.