புல்தரையில் மேல்விதைப்புக்கு உரிய காலம்

அமெரிக்காவின் வடமேற்கில், காஸ்கேட் மலைகளுக்கு மேற்கேயுள்ள பிரதேசம் கோடையில் வறண்டும், மற்றை மாதங்களில் குளிர்ச்சியும் மழையும் மிகுந்தும் இருப்பது. ஆங்கே மெலிந்த புல்தரையை உழாமல், நின்ற புல்லினூடே புதுவிதை தூவுவது வழக்கம். இதுவே மேல்விதைப்பாகும். மழை பிடித்த பின்பு விதைத்தால் ஜலச்செலவு மிச்சமென்று பலர் அக்டோபர் மாதக் கடைசிவரை காத்திருக்கின்றனர். இது சிக்கனமன்று, நஷ்டமேயாம்.

விதை முளைப்பதற்கு ஈரத்தோடு பூமியின் உஷ்ணமும் இன்றியமையாதது. மழை வலுக்குங்கால் மண் குளிர்ந்து, பகலும் குறுகிவிடுகிறது. பல்லாண்டு ரைப்புல் தக்க உஷ்ணத்தில் 5 முதல் 10 நாட்களில் முளைக்கும். கென்டக்கி நீலப்புல்லுக்கோ 14 முதல் 28 நாட்கள் வேண்டும். தாமதித்துத் தூவிய விதை அழுகுதலும், மழையில் அடித்துச் செல்லப்படுதலும் உண்டு. முளைத்த இளம்புல்லும் உதிர்ந்த இலைகளின் கீழ் மடியும். வெற்றிடத்தில் பாசி படரும்.

ஆதலின் செப்டம்பர் முற்பாதியில் விதைத்தலே உத்தமம். புல்லைக் குட்டையாக வெட்டிச் சருகை வாரி, விதை மண்ணைத் தொடும்படி செய்தல் வேண்டும். அப்பொழுது மழை போதாதாகையால், மேல்மண் உலராதபடி தினந்தோறும் சிறிது ஜலம் தெளித்தல் அவசியம். சில வார காலத்து ஜலச்செலவு, விதை முழுவதையும் இழப்பதினும் சொற்பமே. அக்டோபர் நடுப்பகுதி கடந்துவிடின், விதையை உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்தி, வசந்தத்தில் மண் சூடேறும்வரை பொறுத்தலே நலம்.